ராவ்4 முன் பம்பர் ஓரம் கழண்டு கிடக்கு, அலாம் பூட்டினால் காணுமா?

மலைவேம்பு:

வணக்கம் எல்லாருக்கும். அவசரமான கேள்வி ஒண்டு, தெரிஞ்ச ஆக்கள் தயவுசெய்து சொல்லுங்கோ.

நான் இருக்கிறது கனடாவில, ரொறன்ரோ ஸ்காபரோவில, மோர்னிங்சைட் பக்கம். 2021 டொயோட்டா ராவ்4 ஹைபிரிட் கார் வச்சிருக்கிறன், கராஜ் முழுக்க சாமான் எண்டபடியால் கார் எப்பவும் ட்ரைவ்வேயிலதான் நிக்கும். முந்தநாள் இரவு கொஞ்சமா ஸ்நோ கொட்டினது. விடிய வேலைக்கு வெளிக்கிட்டு வந்து பாத்தால் ஸ்நோவுக்குள்ள ரோட்டில இருந்து காலடி வந்திருக்கு, நேர ட்ரைவர் பக்கத்து முன் சில்லு மட்டும் வந்து, அதில கொஞ்ச நேரம் குந்தி இருந்த மாதிரி ஸ்நோ எல்லாம் குழம்பிக் கிடக்கு, பிறகு வந்த வழியாலயே திரும்பிப் போயிருக்கு. கண்ணாடி உடையேல்லை, கதவில ஒரு கீறலும் இல்லை. குனிஞ்சு பாத்தால் முன் பம்பர் மட்கார்ட்டோட சேர்ற ஓரம் ஒரு விரல் போற அளவுக்கு வெளிய தள்ளிக்கொண்டு நிக்குது, சில்லுக்கு மேல இருக்கிற கறுப்பு பிளாஸ்ரிக் லைனரின்ர கிளிப் ரெண்டு நிலத்தில கிடந்தது. காரை ஸ்ராட் பண்ணினால் டாஷ்ல ஹெட்லைற் சிஸ்ரத்தில பிழை எண்டு ஒரு வார்ணிங் வருது.

டீலரிட்ட போன் அடிச்சுக் கேட்டனான், ஐஸ் கட்டியில முட்டி கிளிப் போயிருக்கும், அடுத்த கிழமை கொண்டு வாங்கோ எண்டிச்சினம். எனக்கு மனசு கேக்கேல்லை. எங்கட றோட்டில போன வருசம் மட்டும் மூண்டு வாகனம் களவு போனது. எனக்குக் கிழமையில மூண்டு நாள் நைற் ஷிவ்ற், வீட்டில மனுசி, ரெண்டு சின்னப் பிள்ளையள், மாமி. காருக்கு இன்னும் நாலு வருசக் கடன் இருக்கு.

அலாம் பூட்டுவம் எண்டு விசாரிச்சதில ஒரு கடைக்காரர் டூ-வே அலாம் ஒண்டு சொல்றார், சைரன், ஷொக் சென்சர், ரில்ற் சென்சர், போனுக்கு மெசேஜ் வரும், எல்லாம் சேத்து 600 டொலர். இது பூட்டினால் காணுமா? காரோட வந்த அலாமும் இருக்குத்தானே, அது ஏன் அண்டைக்குக் கத்தேல்லை? ரெண்டு திறப்பும் முன் கதவடியில கொழுக்கியிலதான் தொங்குது, அதையும் சொல்லிவிடுறன்.


வயர்க்காரன்:

தம்பி, அலாமைப் பிறகு கதைப்பம். இண்டைக்கு இரவு அந்தக் கார் அந்த இடத்தில தனிய நிக்கக்கூடாது. கராஜைத் துப்புரவாக்கி உள்ள விடுங்கோ, ஏலாட்டில் ஆரும் சொந்தக்காரர் வீட்டில கராஜ் இருந்தால் அங்க கொண்டுபோய் விடுங்கோ, அதுவும் ஏலாட்டில் மற்ற வாகனத்தை அதுக்குப் பின்னால ஒட்டி நிப்பாட்டி வழியை மறியுங்கோ. ஐஸ் கட்டி முட்டின கதை இல்லை இது. அவங்கள் ஒருக்கா வந்து வேலையைத் தொடங்கியிருக்கிறாங்கள், என்னத்துக்கோ குழம்பிப் போட்டாங்கள், ஆனபடியால் திரும்பி வருவாங்கள்.

நான் 19 வருசமா இஞ்ச கார் அலாம், றிமோட் ஸ்ராட்டர் பூட்டிற வேலை செய்யிறன். உந்தப் பம்பர் ஓரம், லைனர் கிளிப், ஹெட்லைற் வார்ணிங் மூண்டும் சேந்து வந்தால் எனக்கு வேற ஒண்டும் நினைக்கத் தோன்றாது. இங்கிலாந்து லண்டனில இயன் ரேபர் எண்டு கார் சைபர் செக்கியூரிற்றி வேலை செய்யிற ஒராள், அவரின்ர ராவ்4க்கும் இதேதான் நடந்தது. 2022 ஏப்ரல்ல முன் பம்பரை இழுத்து ஹெட்லைற் பிளக்கைக் கழட்டி விட்டிருந்தாங்கள், ஆரோ வேணுமெண்டு சேதப்படுத்திப் போட்டாங்கள் எண்டு அவர் நினைச்சார். பிறகு இன்னொருக்காவும் அப்பிடி நடந்தது. ஜூலையில காரே இல்லை. அவர் விடாமல் தோண்டி, கென் ரின்டெல் எண்ட இன்னொரு நிபுணரோட சேந்து கண்டுபிடிச்சதை 2023 ஏப்ரல்ல வெளியிட்டவை, அதுக்குப் பிறகுதான் கான் இன்ஜெக்சன் எண்ட பேரே எங்கட கடையளுக்கு வந்தது.

அது என்னெண்டால், இப்பத்தையக் காருக்குள்ள எஞ்சின், கதவு, லைற், பிரேக் எல்லாத்துக்கும் தனித்தனிக் கொம்பியூட்டர் இருக்கு, எல்லாம் கான் பஸ் எண்டுற ஒரு சோடி வயரிலதான் கதைக்கும். ஊர்க் கோயில் திருவிழாவில லவுட்ஸ்பீக்கர் கட்டினால் மைக் ஆரின்ர கையில இருக்கோ அவர் சொல்றது ஊர் முழுக்கக் கேக்கும் பாருங்கோ, அது மாதிரித்தான். சொன்னது தலைவரோ, மைக்கை எட்டிப் பறிச்ச பெடியனோ எண்டு குரலை வச்சுப் பிடிக்க காருக்கு ஏலாது. ஹெட்லைற்றுக்குப் போற பிளக்கிலயும் அந்த வயர் போகுது. கள்ளன் கதவைத் தொடத் தேவையில்லை, பம்பரை இழுத்து அந்தப் பிளக்கைக் கழட்டி தன்ர கருவியைக் கொழுவுவான், அது "திறப்பு சரி, உறுதிப்படுத்தியாச்சு" எண்ட பொய்ச் செய்தியைத் திருப்பித் திருப்பி அனுப்பும், திறப்பில்லாமல் எஞ்சினை ஓட விடாமல் தடுக்கிற இமோபிலைசர் நம்பி விட்டுக்குடுக்கும், கதவும் திறக்கும். ரேபரும் ரின்டெல்லும் ஆராய்ஞ்ச கருவி பாக்கிறதுக்கு ஒரு சின்ன புளூரூத் ஸ்பீக்கர். பிளே பட்டன்தான் களவுக்கும் பட்டன்.

இப்ப உங்கட கேள்விக்கு வாறன். காரோட வந்த அலாம் ஏன் கத்தேல்லை எண்டால் அது காவல் காக்கிறது கதவையும் பொனெற்றையும்தான், பம்பர் ஓரத்தை இழுக்கிறது அதுக்குத் தெரியாது. 600 டொலர் அலாமில ஷொக் சென்சர் இருக்கு, பம்பரை இழுத்தால் அது பிடிக்கும், ரில்ற் சென்சர் ஜாக் போட்டுச் சில்லைக் கழட்டினாலோ ரோ ட்ரக்கில தூக்கினாலோ பிடிக்கும், அந்த வகையில நல்லது. ஆனால் சைரன் கத்திறதால கார் நிக்கப்போறதில்லை. இந்த ஊரில அலாம் சத்தம் கேட்டு ஆர் எழும்பி வந்து பாக்கினம், சொல்லுங்கோ.

காசு போடுறதெண்டால் முதல்ல போட வேண்டியது இமோபிலைசருக்கு. கனடாவில 2007 செப்ரெம்பருக்குப் பிறகு வந்த புதுக் கார் எல்லாத்திலயும் கொம்பனி இமோபிலைசர் கட்டாயம், ஆனால் அது கேக்கிற ஒரே கேள்வி "திறப்பு இருக்கா" எண்டது மட்டும்தான். அந்த ஒரு கேள்விக்குப் பொய்ப் பதில் சொல்லத்தான் இப்ப எல்லாக் கருவியும் இருக்கு. நாங்கள் பிறகு பூட்டிற கான் இமோபிலைசர் ரெண்டாவது கேள்வி கேக்கும். ஸ்ரியரிங்கில இருக்கிற வொலியூம் பட்டன், கண்ணாடி இறக்கிற பட்டன் இப்பிடிக் காரில ஏற்கனவே இருக்கிற பட்டன்களை நீங்கள் வச்ச ஒழுங்கில அமத்தினால்தான் கார் ஓடும். இக்லா, கோஸ்ற் எண்டு ரெண்டு மூண்டு பேர் சந்தையில இருக்கு. கள்ளன் வீட்டுக்குள்ள இருக்கிற திறப்பின்ர சிக்னலை நீட்டி றிலே பண்ணி வந்தாலும் சரி, மெக்கானிக் காரைச் செக் பண்ணக் கொழுவுற ஓபிடி போட்டில கொழுவி புதுத் திறப்பு அடிச்சாலும் சரி, ஹெட்லைற் வயரால வந்தாலும் சரி, அந்த ஒழுங்கு, நாங்கள் நம்பர் எண்டு சொல்றது, அவனுக்குத் தெரியாது. பூட்டேக்க கான் வழியா மட்டும் நிப்பாட்டாமல் ஒரு வயரை உண்மையாவே வெட்டி இடையில ஒரு றிலே சுவிச்சும் வைக்கச் சொல்லுங்கோ, அதைப் பொய்ச் செய்தி அனுப்பித் திறக்க ஏலாது. வேலைக்கூலியோட ஆயிரம் டொலருக்குக் கிட்ட வரும். அலாமும் இதுவும் ரெண்டுமே ஏலுமெண்டால் நல்லது, ஒண்டுதான் ஏலுமெண்டால் இதுதான்.

இன்னொண்டு. ஆரும் உங்கட காருக்கு றிமோட் ஸ்ராட்டர் முந்திப் பூட்டி இருந்தால் அதைச் செக் பண்ணுங்கோ. குளிருக்கு எல்லாரும் பூட்டினம், சில இடத்தில இமோபிலைசரைத் தாண்டுறதுக்கு ஒரு திறப்பையோ அதின்ர சிப்பையோ டாஷுக்குள்ள ரேப் சுத்தி ஒளிச்சு விட்டிருப்பினம். நானே அப்பிடி ரெண்டு மூண்டு கழட்டினனான். அது காருக்குள்ள ஒரு திறப்பை நிரந்தரமா வச்சுப் பூட்டினதுக்குச் சமன்.


பனையோலை:

வயர்க்காரன் அண்ணை சொல்றது எல்லாம் உண்மை. எனக்கு நடந்ததைச் சொல்றன், வாசிக்கிற மற்ற ஆக்களுக்கும் உதவும்.

நாங்கள் ரொறன்ரோவுக்குப் பக்கத்தில மார்க்கம் எண்ட ஊரில இருக்கிறம். எங்கட எஸ்யூவிக்கு நல்ல அலாம் பூட்டித்தான் வச்சிருந்தனாங்கள். முதல் குளிரிலேயே பிரச்சினை, விடியப்புறம் நாலு மணிக்கு ஸ்நோ பிளவ் றோட்டால போற அதிர்வுக்கு ஷொக் சென்சர் கத்தத் தொடங்கிவிடும், பக்கத்து வீட்டு வயசான அம்மா ரெண்டு தரம் வந்து கதவைத் தட்டினவ. அதால இவர் சென்சரைக் குறைச்சுக் குறைச்சு கடைசியில இருந்தும் இல்லாத மாதிரித்தான். ஆனால் அது கூட காரணம் இல்லை, ஏனெண்டால் கார் போன இரவு அலாம் கத்தவே தேவையிருக்கேல்லை. காரைப் பொறுத்தவரைக்கும் வந்தது வீட்டு ஆக்கள்.

கமராவில பாத்தம். ரெண்டு பேர். ஒருத்தன் எங்கட முன் கதவுக்குக் கிட்ட வந்து கையில ஒரு வளையம் மாதிரி வயர் சுத்தின சாமானைத் தூக்கி, கதவின்ர மேல கீழ ஆறுதலா அசைக்கிறான், கோயில்ல தீபம் காட்டுற மாதிரி. என்ர ஹான்ட்பாக் கதவுக்கு இஞ்சால கதிரையில கிடந்தது, திறப்பு அதுக்குள்ள. மற்றவன் காரடியில நிக்கிறான். கொஞ்ச நேரத்தில காரின்ர பக்கக் கண்ணாடி ரெண்டும் தானா விரியுது, உள் லைற் எரியுது. நான் கிட்டப் போகேக்க எப்பிடி விரியுமோ அப்பிடியே அவனுக்கும் விரிஞ்சது. அதைப் பாத்தது எனக்கு இப்பவும் கண்ணுக்குள்ள நிக்குது. நாப்பது செக்கன் கூட இல்லை, ரிவேர்ஸ் எடுத்துப் போட்டாங்கள்.

பின் சீற்றில மகன்ர மிருதங்கம் இருந்தது. வகுப்பு முடிஞ்சு வந்து அலுப்பில இறக்காமல் விட்டது. அவனுக்குப் பதினொரு வயசு, சென்னையில இருந்து பெரியப்பா கொண்டு வந்து குடுத்தது. காருக்கு இன்சூரன்ஸ் காசு தந்தவை, அதுக்கு ஆர் என்ன தாறது. தம்பி, எழும்பி இண்டைக்கே அந்தக் கொழுக்கியில தொங்கிற திறப்பை எடுங்கோ. காருக்குள்ளயும் ஒண்டும் விடாதேங்கோ.


மதுரைக்காரன்_மிசிசாகா:

அண்ணா, அக்கா சொன்னதுதான் றிலே அட்டாக். கார் எப்பவும் மெல்லிசா ஒரு சிக்னல் விட்டுக்கிட்டே இருக்கும், அது எட்டுறது ஒரு மீட்டர் சொச்சம்தான், சாவி பக்கத்துல வந்தா பதில் சொல்லும். திருடன் அந்தச் சின்ன சிக்னலைப் பிடிச்சு வீட்டுக்குள்ள இருக்கிற சாவி வரைக்கும் நீட்டி விடுறான், அவ்வளவுதான். ஸ்டார்ட் ஆனதுக்கப்புறம் சாவி தூரமாப் போனாலும் கார் தானா நிக்காது, ஓடிட்டு இருக்கிற கார் நடுரோட்டுல நின்னா ஆபத்துன்னு அப்படி வச்சிருக்காங்க, அது திருடனுக்கு வசதியாப் போச்சு.

இதுக்கு உங்க வண்டியில காசே செலவு இல்லாத வழி ஒண்ணு இருக்கு, நிறைய பேருக்குத் தெரியாது. டொயோட்டா ஸ்மார்ட் கீயில லாக் பட்டனை அமுக்கிப் பிடிச்சுக்கிட்டே அன்லாக் பட்டனை ரெண்டு தடவை அமுக்குங்க, சாவியில இருக்கிற சின்ன லைட் நாலு தடவை மினுக்கும். அவ்வளவுதான், சாவி தூங்கிடும், கார் கூப்பிட்டாலும் பதில் சொல்லாது. காலையில ஏதாவது ஒரு பட்டனை அமுக்கினா முழிச்சுக்கும். பேட்டரி மிச்சம் பிடிக்க வச்ச வசதிதான் ஆனா இதுக்குச் சரியா உதவுது. நான் ராத்திரி செருப்பைக் கழட்டுறப்பவே இதைப் பண்ணிடுவேன், இப்ப பழக்கமாயிடுச்சு. ரெண்டாவது சாவியை மறந்துடாதீங்க, எல்லாரும் கோட்டை விடுறது அதுலதான்.

சாவி சிக்னலை வெளிய விடாத ஃபேரடே பை வாங்கினா போட்டுட்டு சும்மா விட்டுடாதீங்க. சாவியைப் பைக்குள்ள போட்டு மூடி, கார் கதவுக் கைப்பிடிக்குப் பக்கத்துல கொண்டு போய் கைப்பிடியைத் தொட்டுப் பாருங்க. திறந்தா அந்தப் பை குப்பைக்குத்தான். என்னோடது பத்து மாசத்துல உள்ள இருக்கிற வெள்ளிக் கலர் துணி மடிப்புல கிழிஞ்சு போச்சு, வெளிய பார்த்தா புதுசு மாதிரியே இருந்துச்சு. ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா டெஸ்ட் பண்ணிக்கிறேன்.

ஆனா இது ரெண்டும் றிலேவுக்கு மட்டும்தான். உங்களுக்கு வந்தவன் பம்பர் வழியா வந்தவன், அவனுக்குச் சாவியே வேண்டாம், அதனால வயர்க்காரன் அண்ணன் சொன்ன இமோபிலைசரைத் தள்ளிப் போடாதீங்க. அது பூட்டுற வரைக்கும் ஒரு ஸ்டியரிங் லாக் வாங்கி மாட்டுங்க, நல்ல பளிச்சுன்னு மஞ்சள் கலர்ல. அறுக்க முடியும்தான், ஆனா கண்ணாடி வழியா பார்த்தவுடனே கூட ஒரு அஞ்சு நிமிஷ வேலைன்னு தெரியும்ல, பக்கத்து ட்ரைவ்வேயில அது இல்லாத வண்டி நிக்கும்.

ஆப்பிளோட சின்ன டிராக்கர் ஏர்டேக் பத்தியும் சொல்லிடறேன், நம்ம ஆளுங்க நிறைய பேர் கிளவ் பாக்ஸ்ல ஒரு ஏர்டேக் போட்டுட்டு நிம்மதியா தூங்குறாங்க. அது ஆளைப் பின்தொடர்றதுக்குப் பயன்படுத்தக் கூடாதுன்னு, கூட வர்ற போனுக்கு "உன்னோட ஒரு ஏர்டேக் நகருது"ன்னு சொல்லிக் குடுத்துடும். திருடன் போன்லயும் சொல்லும். அவன் தேடி எடுத்து வீசிட்டுப் போயிடுவான். வைக்கிறதுன்னா வைங்க, ஆனா சீட் கவரைக் கழட்டி உள்ள தைச்சு வைக்கிற மாதிரி இடத்துல வைங்க, அதோட ஒரு தனி ஜிபிஎஸ் டிராக்கரும் இருக்கட்டும்.


மலைவேம்பு:

எல்லாருக்கும் கோடி நன்றி. நேற்று இரவே கராஜைத் துப்புரவாக்கினனாங்கள், மாமியும் சேந்து பெட்டி தூக்கினவ, கார் இப்ப உள்ள நிக்குது. கொழுக்கி சுவரில இருந்தே கழட்டியாச்சு. ரெண்டு திறப்பையும் மதுரைக்காரன் சொன்ன மாதிரி நித்திரையாக்கினனான், நாலு தரம் மினுக்கினது, கதவுக் கைப்பிடியைத் தொட்டால் திறக்கேல்லை. நாலு வருசமா வச்சிருக்கிறன், இது தெரியாது.

முன் வீட்டுக்காரரின்ர கமராவை ஒருக்காப் பாக்கலாமோ எண்டு போய்க் கேட்டனான். 3.17க்கு ஒரு கறுப்பு வான் மெதுவா வருது, ஒருத்தன் இறங்கி எங்கட காரின்ர முன் சில்லடியில குந்துறான், ரெண்டு நிமிசம் மட்டில, பிறகு ஆற்றையோ வீட்டு லைற் எரிய எழும்பிப் போறான். லைற் போட்டது மாமி, தண்ணி குடிக்க எழும்பினவ. பொலிசுக்கு அறிவிச்சு றிப்போட் நம்பர் எடுத்திட்டன், அந்த வீடியோவும் குடுத்தாச்சு.

வயர்க்காரன் அண்ணை, மூண்டு விசயம் கேக்கோணும். இமோபிலைசர் பூட்டினால் வொறண்டி போயிடுமோ? சேர்விசுக்கு விடேக்க நம்பரை அவைக்குச் சொல்லோணுமோ? கண்ணாடியில இந்த அலாம் பூட்டியிருக்கு எண்டு ஸ்ரிக்கர் ஒட்டினால் நல்லதோ?

மனுசிக்கு வேற பயம் ஒண்டு. திறப்பில்லாமல் காரை எடுக்க ஏலாட்டில் வீட்டுக்குள்ள வந்திடுவாங்களோ எண்டு. நான் நைற் ஷிவ்ற் போற நாளில அவ நித்திரை கொள்றதே இல்லை. திறப்பை முன்வாசல்ல வையுங்கோ எண்டு பொலிசே சொன்னது எண்டு ஆரோ அவக்குச் சொல்லிப் போட்டினம், அது உண்மையோ?


வயர்க்காரன்:

மாமிக்கு என்ர நன்றியைச் சொல்லுங்கோ.

வொறண்டி: வயரைக் கண்டபடி வெட்டி ரேப் சுத்தி விடாமல், றிலே வைக்கிற இடத்திலயும் ஒழுங்கான கொனெக்ரர் போட்டு, வேலை தெரிஞ்ச ஆள் செய்தால் அதால முழு வொறண்டியும் போகாது. பூட்டின சாமானால ஒரு பழுது வந்தால் அந்தப் பழுதுக்கு மட்டும் டீலர் கை விரிக்கலாம். அதால எழுத்தில பில் எடுங்கோ, எந்த மொடல், எப்ப பூட்டினது எண்டு இருக்கோணும். எந்த இடத்தில பூட்டினது எண்டு பில்லில எழுத விடாதேங்கோ. ஒவ்வொரு காருக்கும் ஒவ்வொரு இடத்தில ஒளிச்சால்தான் அது ஒளிப்பு, எல்லாக் காருக்கும் ஸ்ரியரிங்குக்குக் கீழயே பூட்டிற கடை எண்டால் அங்க போகாதேங்கோ.

சேர்விஸ்: சேர்விஸ் மோட் எண்டு ஒண்டு இருக்கு, அதைப் போட்டுட்டுக் குடுத்தால் அவை வழமை போல ஓடலாம், நம்பர் சொல்லத் தேவையில்லை. திரும்ப எடுக்கேக்க மோட் மாறினதோ எண்டு அங்கயே வச்சுப் பாருங்கோ, வீட்டை வந்து பாப்பம் எண்டு விட்டால் மறந்து போகும். நம்பரைப் போன்ல எழுதி வைக்காதேங்கோ, பிறந்த வருசம் மாதிரி ஒண்டும் வைக்காதேங்கோ.

ஸ்ரிக்கர்: அலாம் இருக்கு எண்டு பொதுவா ஒட்டுங்கோ, எந்த இமோபிலைசர் எண்டு பேர் போட்டு ஒட்டாதேங்கோ. எதைத் தேடோணும் எண்டு அவனுக்கு நாங்களே சொல்லக்கூடாது.

திறப்புக் கதை உண்மைதான். 2024 மார்ச் மட்டில ஒரு கூட்டத்தில ரொறன்ரோ பொலிஸ் அலுவலர் ஒராள், வீடு உடைச்சு வந்து ஆக்களைத் தாக்கிறதைத் தவிர்க்க திறப்பை முன்வாசல்ல விடுங்கோ எண்டு சொன்னவர். சனம் கொதிச்செழும்பினது, பிறகு பொலிஸ், நல்ல நோக்கத்தில சொன்னது ஆனால் வேற வழியளும் இருக்கு எண்டு விளக்கம் குடுத்தது. என்ர எண்ணம் இது: நித்திரையாக்கின திறப்பு வீட்டில எங்க இருந்தாலும் றிலேவுக்குப் பிடிபடாது, படுக்கை அறைக்குள்ள கொண்டு போகாமல் குசினி லாச்சியில வையுங்கோ. ஆரும் உள்ள வந்து கேட்டால் திறப்பைக் குடுங்கோ, ஒரு சொல்லும் கதைக்காமல் குடுங்கோ. மனுசி பிள்ளையளை விடக் கார் பெரிசில்லை. இமோபிலைசர் இருந்தால் திறப்பை வாங்கிக்கொண்டு போனாலும் நம்பர் இல்லாமல் கன தூரம் போக மாட்டான். பூட்டேக்க உந்தக் கொள்ளை மோட் இருக்கோ எண்டு கேளுங்கோ, கதவு திறந்து மூடினால் கொஞ்சத் தூரத்தில திரும்ப நம்பர் கேக்கும், கேட்ட நேரத்துக்குள்ள அமத்தாட்டில் வாகனம் மெதுவாகி நிண்டிடும். அவன் உங்கட வாசலை விட்டுப் போன பிறகுதான் நிக்கும், அதுதான் முக்கியம்.


கணக்குப்பிள்ளை:

அலாம் பற்றி அண்ணைமார் சொல்லிட்டினம், நான் இன்சூரன்ஸ் பக்கம் மட்டும் சொல்லுறன். நாலு வருசக் கடன் இருக்கு எண்டபடியால் உங்கட பொலிசியில ஓபிசிஎஃப் 43, அதாவது தேய்மானம் கழிக்காமல் தாற சேர்க்கை, இருக்கோ எண்டு பாருங்கோ. அது இல்லாட்டில் களவு போன நாளில காரின்ர தேய்மானம் கழிச்ச விலைதான் தருவினம், கடன் அதை விடக் கூட நிண்டால் இல்லாத காருக்கு நீங்கள் காசு கட்டிக்கொண்டிருக்க வேண்டி வரும். ஆனால் புதுக் கார் எடுத்த முதல் வருசங்களுக்குள்ளதான் அதைச் சேர்ப்பினம், இப்ப உங்களுக்குக் கிடைக்குமோ எண்டு புரோக்கரிட்ட நேர கேளுங்கோ.

2023ல இருந்து சில கொம்பனியள் களவு கூடப் போற மொடல்களுக்கு ராக் எண்ட ட்ராக்கர் பூட்டாட்டில் 500 டொலர் மேலதிகமா எடுக்கத் தொடங்கினவை. சின்னச் சின்ன வயர் இல்லாத ட்ரான்ஸ்மிற்றர் கனக்க, காரின்ர பல இடத்தில ஒளிச்சுப் போடுறது. சில கொம்பனி அதைத் தாங்களே காசு குடுத்துப் பூட்டித் தரும், கேட்டால்தான் சொல்லுவினம். இமோபிலைசர் பூட்டின பில்லையும் புரோக்கருக்கு அனுப்பி விடுங்கோ.

ட்ராக்கர் ஏன் முக்கியம் எண்டால், எடுத்த காரை உடன கொண்டு போக மாட்டாங்கள், ஏதும் அப்பார்ட்மென்ற் பார்க்கிங்கில ஒண்டு ரெண்டு நாள் விட்டுப் பாப்பாங்கள், ஆரும் தேடி வருகினமோ எண்டு. வரேல்லை எண்டால்தான் கொண்டெயினருக்குள்ள போகும், அதுக்குள்ள போனால் ஜிபிஎஸ் சிக்னல் பிடிக்கிறது கஷ்டம், ரயிலோ ட்ரக்கோ ஏறி மொன்றியல் துறைமுகம், அங்கால மேற்கு ஆபிரிக்கா, மத்திய கிழக்கு. 2024 ஏப்ரல்ல ப்ரொஜெக்ற் வெக்ரர் எண்டு பொலிஸ் அறிவிச்சதில அந்தத் துறைமுகத்தில மட்டும் 598 வாகனம் பிடிச்சவை. அதால கார் இல்லை எண்டு கண்ட உடனயே பொலிசுக்கு அடியுங்கோ. விடியட்டும் எண்டு இருக்காதேங்கோ. ட்ராக்கர் காட்டுற இடத்துக்கு நீங்கள் தனியப் போகவும் வேண்டாம்.


மலைவேம்பு:

எழுதி ரெண்டு கிழமை ஆச்சு, நடந்ததைச் சொல்லோணும் எண்டு வந்தனான்.

போன சனிக்கிழமை பூட்டினது. கடைக்காரர் நாலு மணித்தியாலம் எடுத்தவர், என்னை உள்ள நிண்டு பாக்க விடேல்லை, அது சரிதான் எண்டு வயர்க்காரன் அண்ணை எழுதினதை வாசிச்சபடியால் விளங்கினது. தனி றிலே சுவிச்சும் வச்சவர், கொள்ளை மோட்டும் இருக்கு. 980 டொலர் முடிஞ்சது, அலாம் இப்ப வேண்டாம் எண்டு விட்டிட்டன், மஞ்சள் ஸ்ரியரிங் லொக் வாங்கினனான். முதல் நாள் நம்பர் அமத்த மறந்து ட்ரைவ்வே முடியிற இடத்திலயே கார் நிண்டுது, மனுசி அதைப் பாத்திட்டு "அப்ப உண்மையா நிக்கும்தான்" எண்டா. அண்டைக்குத்தான் அவ நல்லா நித்திரை கொண்டது.

டீலரிட்டயும் காட்டினம், ஹெட்லைற் பிளக் பாதி கழண்டு இருந்ததாம், லொக்கிங் முனை உடைஞ்சு. ஐஸ் கட்டி எண்டு சொன்னவை இப்ப ஒண்டும் சொல்லேல்லை. திருத்தி லைனர் கிளிப் எல்லாம் புதுசு போட்டாச்சு. எங்கட றோட்டு வட்ஸ்அப் குறூப்பிலயும் அந்தப் பம்பர் ஓரப் படத்தைப் போட்டனான், நாலாவது வீட்டுக்காரர் போய்ப் பாத்திட்டு தன்ர காரிலயும் அதே மாதிரி கிளிப் கழண்டு இருக்கு எண்டு எழுதினார், அவரும் இப்ப கராஜுக்குள்ள விடுறார்.

பனையோலை அக்கா, தம்பி இப்ப எதில பழகிறார்? எங்கட மாமாவின்ர சிநேகிதர் ஒராள் அஜாக்ஸில மிருதங்கம் மூட்டிக் குடுக்கிறவர், பழசு ஒண்டைத் தோல் மாத்தி வச்சிருக்கிறாராம், பிள்ளைக்கு எண்டால் குடுக்கலாம் எண்டு சொன்னவர். உங்களுக்குத் தனி மெசேஜ் போட்டிருக்கிறன், பாருங்கோ.